குளியலுக்கும் சேலைக்கும் நடுவே: நைட்டி பிறந்த கதை

குளித்து முடித்த பெண் எதை உடுத்திக்கொண்டு வெளியே வருவது? ஆண்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. இடுப்பில் ஒரு துண்டு இருந்தால் போதும். அப்படியே திண்ணைக்கு வந்து நின்று தலை துவட்டலாம், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கலாம். பெண்ணின் பாடு வேறு. ஈரம் உலராத உடம்பில் சேலை கட்டினால் ஒட்டிக்கொள்ளும், கொசுவம் நிற்காது, ரவிக்கை தோளைத் தாண்டி ஏறாது. குளியலறை எவ்வளவு சின்னது, தரை எவ்வளவு ஈரம் என்பது அங்கே நின்று சேலை கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முந்தானை வாளித் தண்ணீரில் விழாமல் கட்டி முடிப்பது பெரிய வித்தை.

குளியலுக்கும் சேலைக்கும் நடுவே உள்ள அந்த அரை மணி நேரத்துக்கு ஓர் உடை தேவைப்பட்டது. மேல்நாட்டார் அதற்குக் குளியல் அங்கியைச் செய்துகொண்டார்கள். பாத்ரோப் என்று நட்சத்திர ஓட்டல் அறைகளில் தொங்குகிறதே, அதுதான். எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் ஒரு பெண் ஜவுளிக்கடைப் படியேறி, குளித்துவிட்டு வந்ததும் போட்டுக்கொள்ள வசதியாக, பார்க்கவும் லட்சணமாக ஒன்று வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் எடுத்துப் போடுவது நைட்டி. அவள் கேட்டதும் அதுதான். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நைட்டியை மாட்டிக்கொண்டு வருகிறவள், கோலம் போட்டு, இட்லி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்துக் காயப்போடும் வரை அதிலேயே இருக்கிறாள். இந்த உடை எங்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தது, யார் தைத்தார்கள், என்ன சொல்லி அதை இழிவுபடுத்தினார்கள் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட வேண்டிய கதை. பட்டுச் சேலையைப் பற்றி நூல்கள் உண்டு. நைட்டியைப் பற்றி எழுத அதிகம் பேர் மெனக்கெடவில்லை.

நைட்டிக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தது உள்பாவாடை. நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் தனிக் குளியலறை கிடையாது. அடுப்படிக்குப் பின்னால் அங்கணம் இருக்கும். இல்லாவிட்டால் புறவாசல் கிணற்றடி. பாவாடை நாடாவை அவிழ்த்து மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, அதோடுதான் குளிப்பார்கள். தோளும் முழங்காலும் தெரியும் என்பதால் ஆண்கள் எழுவதற்கு முன்பே குளியல் முடிந்துவிட வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து குளிக்கும் பெண்ணைப் புகழ்ந்து பேசுவார்கள். அந்தப் புகழுக்குப் பின்னால் மறைவிடம் இல்லாத சங்கடமும் இருந்தது. குளித்து முடித்ததும் ஈரப் பாவாடைக்கு மேலே உலர்ந்த சேலையைச் சுற்றி, ஈரத்தை உள்ளிருந்து உருவி, பாதி கட்டியும் கட்டாமலும் அறைக்குள் ஓடி மீதியைச் சரிசெய்வார்கள். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் இதே வித்தைதான், ஆனால் நாலு பேர் பார்வையில். என் அம்மா தலைமுறையில் பலருக்கு மழைக்காலம் முழுவதும் இடுப்பில் நாடா அறுத்த இடம் புண்ணாகவே இருக்கும். ஈரத் துணியிலேயே நின்றதன் பலன் அது.

இந்தச் சங்கடத்துக்கு விடையாக ஒரு தளர்ந்த அங்கியை உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதற்கான துணி நம் கரையிலிருந்துதான் போனது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சோழமண்டலக் கரையில் வந்து இறங்கியபோது அவர்கள் தேடியவற்றுள் முக்கியமானது துணி. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் கால் ஊன்றினார்கள். நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கரையோர ஊர்களில் கலம்காரிக் கைவினைஞர்கள் படிகாரம் தோய்த்து, மூங்கில் கலத்தால் கோடு இழுத்து, இம்பூறல் வேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் ஏற்றிய பருத்தித் துணி கப்பல் கப்பலாகப் போயிற்று. அந்தத் துணியில் ஐரோப்பியப் பணக்காரர்கள் வீட்டுக்குள் அணியும் நீள அங்கி தைத்துக்கொண்டார்கள். ஜப்பானிய கிமோனோவின் வெட்டும் அதில் கலந்திருந்தது. இறுக்கிப் பிடித்த கோட்டையும் தலையில் வைத்த பொய்முடியையும் கழற்றிவிட்டு, வீட்டில் மூச்சு விடுவதற்கான உடை.

லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1666இல் தன் உருவப்படத்தை வரையக் கொடுத்தபோது ‘இந்திய அங்கி’ ஒன்றை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டு உட்கார்ந்தார். படம் இன்றும் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. சோழமண்டலக் கரைத் துணியில் தைத்த அப்படிப்பட்ட 18ஆம் நூற்றாண்டு அங்கிகளை அதே நகரத்தின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்தத் துணிமேல் கொண்ட மோகத்தைப் பார்த்து அங்கத்திய நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றி அச்சுப் பருத்தித் துணிகளைத் தடுத்தது. வீட்டுக்குள் இளைப்பாறப் போட்ட அங்கியின் துணி இரண்டு அரசுகளைச் சட்டம் எழுத வைத்திருக்கிறது.

அங்கி ஈரம் உறிஞ்சும் குளியல் அங்கியாக மாறியது பிறகு. துருக்கியின் புர்சா நகரத்தில், இழைகளைச் சுருள் சுருளாக மேலே நிறுத்தி நெய்யும் துண்டு உண்டு. நாம் தேங்காய்ப்பூத் துண்டு என்கிறோமே, அந்த நெசவு. துருக்கிக்குப் போன ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் அதை எடுத்து வர, மான்செஸ்டருக்கு அருகே இருந்த அவர் குடும்பத்து ஆலை 1850ஐ ஒட்டி அதை இயந்திரத்தில் நெய்யத் தொடங்கியது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அந்தத் துணியில் அங்கி தைத்தால் உடம்பைத் துவட்டவே வேண்டாம், போட்டுக்கொண்டால் போதும். இந்தியாவில் இந்த நெசவுக்குப் பேர்போன ஊர் சோலாப்பூர். அங்கத்திய துண்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இவ்வளவு நல்ல உடை சங்கரன்கோவிலில் ஏன் வேர்விடவில்லை? பணம் மட்டும் காரணம் இல்லை. அந்த அங்கி குளிர்நாட்டுக் குளியலறைக்குச் செய்தது. தரை உலர்ந்திருக்கும், குளித்தவர் கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தலைவாருவார், பக்கத்து அறைதான் படுக்கையறை. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் குளித்த ஈரம் காய்வதற்குள் வேர்வை வந்துவிடும். அதில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள தேங்காய்ப்பூத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பது தண்டனை. ஐப்பசி கார்த்திகையிலோ, துவைத்தால் கொடியில் இரண்டு நாள் கிடந்தாலும் காயாமல் வாடை அடிக்கும். உப்புத் தண்ணீரில் துவைக்கத் துவைக்கச் சுருள் இழைகள் விறைத்து உடம்பைக் கீறும்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய குறை அதன் திறந்த முன்பக்கம். இடுப்பு வார் ஒன்றை நம்பித்தான் மானம் நிற்கிறது. குனிந்தால் மேலே விலகும், உட்கார்ந்தால் கீழே விலகும். நம் வீட்டுப் பெண் குளித்து முடித்ததும் உட்கார்ந்து காப்பி குடிப்பதில்லை. குனிந்து கோலம் போடுகிறாள், குத்துக்காலிட்டுப் பாத்திரம் விளக்குகிறாள், எட்டிக் கொடியில் துணி போடுகிறாள், அடுப்புக்கு மேலே கை நீட்டுகிறாள். தொங்கும் அகலக் கை அடுப்பில் பற்றினால் என்ன ஆகும்? முன்பக்கம் மூடியிருக்க வேண்டும், கை குட்டையாக இருக்க வேண்டும், துணி லேசாக இருக்க வேண்டும், தலை வழியாக ஒரே வீச்சில் மாட்ட வரவேண்டும். இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அது நைட்டி.

தைத்த, தளர்ந்த மேலுடை நம் தென்கோடிக்குள் வந்த வரலாறு ரத்தம் சிந்திய வரலாறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற சாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. லண்டன் மிஷன் பள்ளிகளில் தைத்த தளர்ந்த குப்பாயத்தை அணிந்த பெண்களின் உடையைச் சந்தைகளில் கிழித்தார்கள், வீடுகளை எரித்தார்கள். சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு முட்டுக்கட்டையை வைத்தது. ஒரு பெண் எதை அணிகிறாள் என்பதை அவள் வசதி தீர்மானிக்க விடாமல் ஊர் தீர்மானிக்கும் வழக்கம் எவ்வளவு பழையது, எவ்வளவு கொடியது என்பதற்கு இது சாட்சி. நைட்டிக் கதையில் இந்த ஊர்க்குரல் பின்னாலும் வரும்.

கடல் கடந்தும் இதைப் போன்ற ஒரு கதை உண்டு. 1820இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போன அமெரிக்க மதபோதகர்களின் மனைவியர் அங்கத்திய அரசகுலப் பெண்ணுக்காக ஒரு தளர்ந்த நீள கவுன் தைத்துக் கொடுத்தார்கள். உடம்பை மறைப்பது அவர்கள் நோக்கம். தீவுப் பெண்களோ அதன் உள்ளாடையைப் பிரித்தெடுத்து, தங்கள் வெயிலுக்கும் தங்கள் பூக்களுக்கும் ஏற்ப மாற்றி, முமு என்ற வண்ண உடையாக்கி, தங்கள் அடையாளமாகவே மாற்றிக்கொண்டார்கள். நைட்டியும் அப்படித்தான். வெள்ளைக்காரப் பெண் இரவில் அணிந்த கவுன், ஆங்கிலோ இந்திய வீடுகளின் ஹவுஸ்கோட் என்று எட்ட நின்ற உடையை நம் பெண்கள் எடுத்துப் பகலுக்குக் கொண்டு வந்தார்கள். சரிகைப் பின்னலையும் பட்டு நாடாவையும் கழற்றிவிட்டுப் பூப்போட்ட பாப்ளினில் தைத்தார்கள். இதைச் செய்தது ஒருவர் அல்லர். தையல் மிஷின் வைத்திருந்த எத்தனையோ பெண்கள் அவரவர் வீட்டில் செய்த காரியம்.

1970களிலும் 80களிலும் இது நகரத்து நடுத்தர வீடுகளில் பரவியது. வளைகுடா வேலைக்குப் போனவர்களின் பெட்டிகள் வழியாகக் கேரளத்தில் இன்னும் வேகமாகப் பரவி, அங்கே மேக்ஸி ஆயிற்று. செங்கோட்டை தாண்டினால் கொல்லம்; எங்கள் பக்கத்துக்கு அந்தக் காற்று வராமல் இருக்குமா? ஆனாலும் சேலையைத் தவிர வேறு உடுத்தாத வீடுகளில் நைட்டி முதலில் நுழைந்தது பெரும்பாலும் பிரசவத்தின் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட வயிற்றோடு கிடக்கும் பெண்ணுக்குப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். நர்சம்மா நைட்டி வாங்கி வரச் சொன்னால் மாமியார்கூட மறுப்புச் சொல்வதில்லை. பெற்று வந்தவள் அதைக் கழற்ற மனமில்லாமல் இருந்தாள். பிறகு நாத்தனார் கேட்டு வாங்கினாள். முட்டுவலியோடு கிடந்த மாமியாரும், யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில் போட்டுப் பார்த்திருப்பார். இன்று எழுபது வயது ஆச்சிகள் நைட்டியில் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள்.

பெண்கள் இதைக் குளிக்கவும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் பெண்கள் பக்கம் போய்ப் பாருங்கள். சேலையோடு அருவிக்குள் போனால் தண்ணீரின் வேகம் அவிழ்த்துவிடும், கால் தடுக்கும். நைட்டியோடு போகிறவர்கள் ஆசைதீர நிற்கிறார்கள், தலையைக் கொடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். வெளியே வந்து உலர்ந்த நைட்டி ஒன்றைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, உள்ளிருந்தபடியே ஈர நைட்டியைக் கீழே நழுவவிடுகிறார்கள். கூடாரம் வேண்டாம், சுற்றி நின்று சேலை பிடிக்க நாலு பேர் வேண்டாம். குளியல் உடையும் அதுவே, குளியல் அங்கியும் அதுவே, உடை மாற்றும் அறையும் அதுவே. எந்தத் தேங்காய்ப்பூ அங்கியாலும் இந்த மூன்றையும் செய்ய முடியாது.

இந்த உடை தயாராகும் ஊர்கள் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வடக்கே ராஜபாளையம் போகும் திசையில் தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் சுற்றுவட்டாரம் நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பேர்போனது. அங்கே நைட்டி வீட்டுத் தொழில். துணி பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறது. குஜராத்தின் ஜேத்பூரும் ராஜஸ்தானின் பாலோத்ராவும் பாப்ளினுக்குச் சாயமும் அச்சும் போடும் ஊர்கள். சோழமண்டலக் கரைத் துணி அங்கியாகி உலகம் சுற்றிய காலம் போய், நம் பெண்களின் அங்கிக்கான துணி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறது. அந்த ஊர்களின் ஆறுகளும் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. ஜேத்பூரில் பாதரும் பாலோத்ராவில் லூணியும் சாயக்கழிவு கலந்து கெட்ட ஆறுகள். மலிவான நைட்டியின் பூப்பூவான சிவப்பில் அந்த ஆறுகளும் இருக்கின்றன.

வந்த துணியை மேசையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, கட்டிங் மாஸ்டர் மிஷின் கத்தியால் மொத்தமாக வெட்டுவார். முன் துண்டு, பின் துண்டு, யோக் என்கிற மேல்மார்புத் துண்டு, கை, பைப்பிங் பட்டி என்று கட்டுக்கட்டாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகும். அங்கே பெண்கள் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். யோக்குக்குக் கீழே சுருக்கு வைத்து ஏற்றுவது ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், ஜிப் வைப்பது ஒருவர், ஓவர்லாக் அடிப்பது ஒருவர், பிசிறு வெட்டி மடித்துக் கவரில் போடுவது இன்னொருவர். பெண்களே தைத்து, பெண்களே உடுத்தி, பெரும்பாலும் பெண்களே காசு கொடுத்து வாங்கும் துணி இது. தைக்கிறவளும் நைட்டியில்தான் உட்கார்ந்திருப்பாள். எந்தத் தையல் அக்குளில் உறுத்தும், எந்தச் சுருக்கு வயிற்றைத் துருத்திக் காட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அளவும் மாடலும் முடிவாகும் இடத்தில் அவள் பேச்சைக் கேட்பவர்கள் குறைவு. அதுதான் இந்தத் தொழிலின் குறை.

அதனால்தான் வசதி வந்த அளவுக்கு லட்சணம் வரவில்லை. எல்லா உடம்புக்கும் ஒரே அளவு என்று வெட்டிய நைட்டி யாருக்கும் பொருந்துவதில்லை. ஒல்லியானவளுக்குத் தோள் வழிகிறது, கனத்தவளுக்கு மார்பில் பிடித்துக்கொண்டு இடுப்பில் பையாகத் தொங்குகிறது. நல்ல நைட்டியின் ரகசியம் தோளில் இருக்கிறது. தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்க வேண்டும். நின்றால் மற்றதெல்லாம் தானாகச் சரிந்து விழும். யோக் மார்பின் நடுவே குறுக்காக ஓடினால் உடம்பை அகலமாகக் காட்டும். மார்புக்குக் கீழே இறங்கி முடிந்தால் எடுப்பாக இருக்கும். சுருக்கை முழுச்சுற்றும் வைக்காமல், பக்கவாட்டில் கலி என்கிற முக்கோணத் துண்டு வைத்து விரித்தால் நடக்கக் காலுக்கு இடம் கிடைக்கும், வயிறும் துருத்தாது. கழுத்து சற்றே கீழிறங்கிய வி வடிவமாக இருந்தால் முகம் தெளிந்து தெரியும். பூ பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. சின்னப் பூவும் நெடுக்குக் கோடும் எல்லா வயதுக்கும் எடுக்கும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றால் படியில் தடுக்காது, ஈரத்தரையில் நனையாது.

நைட்டி பிட் வாங்கித் தைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மீட்டர் பருத்தி பாப்ளினை வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போகிற துணியும் அப்போதே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். குளித்து வந்து போட்டுக்கொள்ள என்றால் பருத்தியைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். வழவழவென்று விழும் செயற்கைத் துணி கடையில் அழகாகத் தெரியும், ஈர முதுகில் ஒட்டும். அடுப்புப் பக்கம் நிற்கிறவளுக்கு அது ஆபத்தும்கூட. பருத்தி கருகும், செயற்கை இழை உருகித் தோலில் பிடிக்கும்.

நைட்டி மேல் போடும் துண்டு தனிக் கதை. பால்காரர் வந்தால், காய்கறி வண்டி நின்றால், முக்குக் கடைக்குப் போக வேண்டுமென்றால், கொடியில் கிடக்கும் துண்டையோ துப்பட்டாவையோ எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவது தமிழ்நாடு முழுக்க வழக்கம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடைக்கு மேல் இன்னும் ஒரு துணி எதற்கு? அது உடம்பை மறைக்கப் போட்டதல்ல, பேச்சை மறைக்கப் போட்டது. நைட்டியோடு தெருவுக்கு வந்துவிட்டாள் என்ற பேச்சு. நவி மும்பையின் கோதிவலி கிராமத்தில் 2014இல் பகலில் நைட்டி அணிந்தால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அறிவித்தது பெண்கள் அமைப்பே. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டம் தோகலப்பள்ளியில் 2018இல் ஊர்ப் பெரியவர்கள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டிக்குத் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. சேலையில் இடுப்பு தெரியும், முதுகு தெரியும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒன்றும் தெரியாத நைட்டிதான் உறுத்துகிறது. அவள் வசதியாக இருக்கிறாள் என்பதே உறுத்துகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இடுப்பில் லுங்கியும் வெறும் மார்புமாக அதே தெருவில் நிற்கும் ஆணுக்கு எந்த ஊரும் அபராதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டம் கடக்கலில் யஹியா என்ற டீக்கடைக்காரர் இருந்தார். மடித்துக் கட்டிய வேட்டியைத் தன்னைக் கண்டதும் இறக்கிவிடவில்லை என்று ஒரு போலீஸ் அதிகாரி அவரை அறைந்தார். அன்றிலிருந்து யஹியா வேட்டியை விட்டுவிட்டு நைட்டியைத் தன் நிரந்தர உடையாக்கிக்கொண்டார். மடித்தால்தானே இறக்க வேண்டும், இதில் மடிக்க ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு. கூனிக் குறுகி யாருக்கும் மரியாதை காட்டத் தேவையில்லாத உடையாக அவர் கண்ணுக்கு நைட்டி பட்டிருக்கிறது. நம் பெண்களுக்கும் அது அப்படியே படட்டும்.

கடைசியாக, சங்கரன்கோவில் தறிக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பருத்திச் சேலையும் துண்டும் நெய்து பழகிய கைகள் இவை. சேலை கட்டுகிறவர்கள் குறையக் குறையத் தறியின் வருமானம் குறைகிறது என்ற கவலை நியாயமானது. அந்தப் பெண்கள் சேலைக்குப் பதில் உடுத்துவது நைட்டியை. அதற்கான துணி எங்கிருந்தோ வருகிறது. ஈரிழைத் துண்டு சீக்கிரம் காய்வதில் தேங்காய்ப்பூத் துண்டைத் தோற்கடிக்கும். அந்த நெசவில், கொஞ்சம் நெருக்கமாக, ஒளி ஊடுருவாத அளவுக்கு, நைட்டிக்கென்றே அகலத் துணி நெய்யலாம். கட்டம் போட்டு நெய்தால் அச்சே தேவையில்லை. அதைத் தளவாய்புரத்துப் பெண்கள் தைக்கட்டும். சின்னது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று உண்மையான அளவுகளில் வெட்டட்டும். குளித்து வந்ததும் மாட்டிக்கொள்ள ஏதுவாகக் கழுத்து அகலமாக, கை முழங்கைக்கு மேலாக, வலப்பக்கம் செல்போனும் சாவியும் போட ஆழமான ஒரு பையோடு தைக்கட்டும். ஐரோப்பியர் கப்பல் ஏற்றிக் கொண்டுபோன அங்கித் துணியை நெய்த நாட்டில் இது முடியாத காரியமா?

வாங்குகிற பெண்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. அடுத்த முறை கடைக்காரர் ஒரே அளவு நைட்டியை எடுத்துப் போட்டால் தோள் அளவு கேளுங்கள், பை இருக்கிறதா என்று கேளுங்கள், பருத்தியா என்று கசக்கிப் பாருங்கள். இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நாலு பேர் கேட்டால் அஞ்சாவது ஆளுக்கு வந்துவிடும்.